டர்போவா, கேம்ஷாஃப்டா?

மாதத்தில் ஒரு ஞாயிறு, ரேஸ் டிராக்கில் யார் வேண்டுமானாலும் சொந்தக் காரை ஓட்டிப் பார்க்கலாம். மூன்று மாதமாக ஒருவர் தன் குட்டிக் காரில் சகலையிடம் இரண்டே செகண்ட் வித்தியாசத்தில் தோற்று வருகிறார். அதிலிருந்து அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை என்று கேள்வி.

இந்த முறை மெக்கானிக் ஷெட்டுக்கு மனைவியும் கூடவே வந்தாள். இவளுக்கு இங்கே என்ன வேலை என்று அவருக்குப் புரியவில்லை.

“டர்போ போடலாமா, கேம்ஷாஃப்ட் மாத்தலாமா?” என்றார் அவர்.

“டர்போன்னா என்னங்க?” என்றாள் மனைவி.

“எஞ்சினுக்குக் காத்தை அழுத்தி ஊட்டும். சொன்னா உனக்குப் புரியவா போகுது?”

“கேம்ஷாஃப்ட்?”

“அது இன்னும் புரியாது.”

“எதைப் போட்டாலும் சரிதான் சார்,” என்றார் மெக்கானிக், ஏனோ மனைவியைப் பார்த்து.

போன் வந்து அவர் வெளியே நகர்ந்தார். மனைவி ஸ்டூலை இழுத்து மெக்கானிக் பக்கம் போட்டுக்கொண்டாள்.

“ஆக்ஸிலரேட்டர் பெடலுக்கு அடியில நான் வைக்கச் சொன்ன போல்ட் இருக்குல்ல?”

“இருக்குக்கா. அது இருக்கிற வரைக்கும் ராக்கெட் எஞ்சினே வெச்சாலும் பெடல் பாதிக்கு மேல இறங்காது.”

“இருக்கட்டும். மனுஷன் கை காலோட வீடு வந்து சேர்ந்தா போதும். ஆனா என் தங்கச்சி புருஷன் மட்டும் எப்படிப் பறக்கிறார்?”

“அவர் எங்க பறந்தார்? உங்க தங்கச்சியும் வந்து இதையேதான் சொல்லிட்டுப் போனாங்க. அந்த வண்டியிலயும் போல்ட் இருக்கு. இதைவிட அரை இஞ்ச் சின்னது.”

மனைவி வாசலை எட்டிப் பார்த்தாள். அவர் இன்னும் போனில்தான் இருந்தார்.

“அதைவிடச் சின்னதா ஒண்ணு மாத்தி வெச்சுடுங்க,” என்றாள்.