பஸ்தியாம்பிள்ளை தின்ற வடை

“காலமை என்ன சாப்பிட்டனீங்கள்?”

ஸ்கான் கருவியை வயிற்றில் வைத்த கையோடு டொக்டர் நிருபன் கேட்டார்.

“ஒண்டுமில்லை. பச்சைத் தண்ணியும் குடிக்கேல்லை” என்றார் பஸ்தியாம்பிள்ளை, முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு.

டொக்டர் கருவியை இப்படியும் அப்படியும் நகர்த்திப் பார்த்தார். பெருமூச்சு விட்டார். வெளியே காத்திருந்த பஸ்தியாம்பிள்ளையின் மனைவி கிறிஸ்டினை உள்ளே கூப்பிடச் சொன்னார்.

போன மாதம் எடுத்த ஸ்கானில் ஈரலின் இடப்பக்கம், இரைப்பைக்குக் கிட்ட, ஒரு சின்னக் கட்டி தெரிந்திருந்தது. கடலை அளவுதான். நல்லதோ கெட்டதோ என்று அறிய ஊசி விட்டு ஒரு துணுக்கு எடுத்துப் பார்க்க வேண்டும். பயொப்சி என்கிறார்கள். இவ்வளவு சின்னதைக் குறி தவறாமல் குத்த, ஊசி போகும் வழியை ஸ்கானில் பார்த்துக்கொண்டே போக வேண்டும். அதனால்தான் வெறும் வயிற்றோடு வாருங்கள் என்று தலைபாடாய் அடித்துக்கொண்டார்கள்.

“இரைப்பை நிரம்பிக் கிடக்குதம்மா” என்றார் டொக்டர், திரையைக் காட்டி. “சாப்பாடும் காத்தும் கட்டியை மறைக்குது. தெரியாத இடத்தில நான் எப்பிடி ஊசி விடுறது? நாலு வடையாவது உள்ள போயிருக்கும்.”

“மூண்டுதான்” என்றார் பஸ்தியாம்பிள்ளை.

கிறிஸ்டினுக்குச் சுவரில் போய் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

இந்த மனிதருக்காக அவள் நேற்றிரவே குசினியைப் பூட்டித் திறப்பைத் தன்னோடு வைத்துக்கொண்டவள். காலையில் தேத்தண்ணிக்கும் அடுப்பு மூட்டவில்லை. அவளும் பட்டினிதான். உப்புவெளியிலிருந்து ஓட்டோவில் வரும் வழியெல்லாம் காவல் காத்துக்கொண்டு வந்தாள். ஒன்றுக்குப் போகிறேன் என்று ஒருமுறை எழும்பிப் போனவர், ஆஸ்பத்திரிக் கன்ரீனில் வடையை விழுங்கி, வாயையும் துடைத்துக்கொண்டு வந்து இருந்துவிட்டார். அறுபத்தைந்து வயது.

இன்றைக்கே பின்னேரம் செய்ய ஏலாதா என்று கெஞ்சிப் பார்த்தாள். டொக்டர் இங்கே இரண்டு வாரத்துக்கு ஒருக்கால்தான் வருகிறவர், மத்தியானம் போய்விடுவார். கட்டி சின்னதாயிருப்பதால் அடுத்த முறை வரைக்கும் பொறுக்கலாம், அதற்கு மேலே இழுக்க வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிடச் சொன்னார்.

நஜ்முன் நிஸா எழும்பி ஓடி வந்தாள். புல்மோட்டையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்தவள். இரண்டு பிள்ளைகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்திருக்கிறாள். அவளுக்கும் ஈரலில் கட்டி, அவளுக்கும் பயொப்சி. போனமுறை நேரம் போதாமல் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். இன்றைக்கு நீதான் முதல் ஆள் என்று வரச்சொல்லிவிட்டு, வந்த பிறகு, வேண்டப்பட்ட ஆள் ஒருவர் இருக்கிறார், நேரம் மிஞ்சினால் பார்ப்போம் என்றார்களாம். வெளியே வாங்கில் அவளுக்குப் பக்கத்தில் இருந்து இந்தக் கதையைக் கேட்ட கிறிஸ்டின் கொதித்துப் போயிருந்தாள். அடுத்தவரின் முறையைப் பறிக்கிற சனம் உருப்படாது என்று அவளுக்காக வயிறெரிந்து திட்டியும் இருந்தாள்.

கதவு சாத்தப்பட்டது. கிறிஸ்டின் புருசன் பக்கம் திரும்பினாள்.

“மூண்டு வடைக்காக உயிரை விடப்போறியளோ? உள்ளுக்க இருக்கிறது என்ன சனியன் எண்டு தெரியாமல் எனக்கு ஒரு மாசமாய் நித்திரை இல்லையப்பா. தங்கச்சியின்ர மகன் மெல்ரோய் இஞ்ச வேலை செய்யிறபடியால் இந்த இடம் கிடைச்சது. ஆரோ வரமாட்டினமெண்டு காலியான இடத்துக்கு அவன் உங்களைப் போட்டுத் தந்தவன். அவன்ர முகத்தில நான் இனி எப்பிடி முழிக்கிறது?”

பஸ்தியாம்பிள்ளை சேட்டுப் பொத்தானைப் பூட்டிக்கொண்டிருந்தார்.

“கன்ரீனுக்குப் பக்கத்தில மெல்ரோயைக் கண்டனான். பெரியப்பா, உங்களுக்காக ஒரு ஆளைப் பின்னுக்குத் தள்ளிப்போட்டனான் எண்டு பெருமையாய்ச் சொன்னவன். ஆரெண்டு கேட்டன். புல்மோட்டைப் பிள்ளையாம்.”

கிறிஸ்டின் சாத்திக் கிடந்த கதவைப் பார்த்தாள்.

“அப்ப வந்து என்னட்டச் சொல்லியிருக்கலாமே? ஏன் களவாய் வடை தின்னோணும்?”

“சொல்லியிருந்தால் நீ விட்டிருப்பியோ, கிறிஸ்டின்?”