கார் நின்ற இடம்

மார்ச் 12. இன்று விதைப்பாயைத் தலைகீழாக விரித்துவிட்டேன். புல்விதை ஒட்டிய பக்கம் மண்ணைத் தொட வேண்டும், மேலே இருக்கும் நார் தானாக மட்கிவிடும் என்று தோட்டக்கலை மாலை வகுப்பில் சொல்லியிருந்தார்கள். பிரமிளா அக்கா வீட்டுப் புல்தரையில் ஒரு கார் அளவு இடம் மொட்டையாகக் கிடக்கிறது. தீபாவளிக்கு மறுநாள் அங்கே நின்ற காரை எடுத்துக்கொண்டு போன அவர் கணவர் இன்னும் திரும்பவில்லை.

“மாமா வந்தா வண்டிய எங்கக்கா நிறுத்துவாரு, உன் தலை மேலயா?” என்று அக்காவின் தம்பி சீண்டினான்.

“தெருவுல நிறுத்தட்டும்” என்றார் அக்கா.

பாயைத் திருப்பிப் போடத் தூக்கினேன். ஆயில் சொட்டிய கறையோடு மண் மறுபடி தெரிந்தது. அக்கா அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“புல்லு வந்தப்புறம் டயர் ஏறினா?”

“செத்துடும்க்கா.”

தினமும் ஏறினால் சாகும். எப்போதாவது ஒருமுறை ஏறினால் சாகுமா என்று எனக்கே தெரியவில்லை. அதைச் சொல்வதற்குள், “ரெண்டு டயர் தடத்தை மட்டும் விட்டுடு” என்று சொல்லிவிட்டு அக்கா உள்ளே போனார்.

நாளை பாயை மூன்று துண்டாக வெட்டி, தடங்களை விட்டு விரிக்க வேண்டும். விதைப் பக்கம் கீழே.