நாலாம் எண் கொல்லை

திரையில் இரண்டு கோடுகள். நீலம், கணினி மாடல் கணித்த மண் ஈரம். சிவப்பு, கொல்லையில் புதைத்த கருவி காட்டிய ஈரம்.

கார்த்திகை முடியும்வரை இரண்டும் ஒட்டிக்கொண்டுதான் வந்தன. மார்கழி பிறந்ததும் சிவப்பு மட்டும் மடமடவென்று இறங்கிவிட்டது.

மற்ற கொல்லைகளில் எல்லாம் சரி. நாலாம் எண்ணில் மட்டும் இப்படி.

"வுவாலா! பாத்தியா!" என்றார் திட்டத் தலைவர் பொலின் மேடம், நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி. "உழ மாட்டேன்னு நம்மகிட்ட தலையாட்டிட்டு, ராத்திரியோட ராத்திரியா உளுந்து வரிசைக்கு நடுவுல சின்ன டிராக்டர் விட்டிருக்காரு நாலாம் நம்பர்காரரு."

கார்குழலி சிவப்புக்கோடு இறங்கிய தேதியைக் குறித்துக்கொண்டாள். இந்த அலுவலகத்தில் சேர்ந்ததிலிருந்து அவள் எதையும் மறுத்துப் பேசியதில்லை.

மேடத்துக்குக் கொல்லைகள் வெறும் எண்கள். பெயர் தெரிந்தால் பாரபட்சம் வரும் என்று அவரே வைத்த விதி; பெயர்ப் பட்டியல் கார்குழலியிடம் மட்டும்தான்.

எல்லாமே வானூர் பக்கத்துச் செம்மண். மழையை மட்டும் நம்பியவை. கம்பு அறுத்தபின் காய்ந்த தண்டான தட்டையை அப்படியே தரையில் விட்டு, உழாமல் உளுந்து விதைக்க வேண்டும். தட்டை மூடியிருந்தால் ஈரம் நிற்கும். உளுந்துக்கு அடுத்து எள்ளா, வரகா என்பதை மாடல் சொல்லும்.

அது சொல்வதை நம்பலாமா என்பதற்குத்தான் இந்தச் சோதனை.

"நாளைக்கு மீட்டிங்மா. ஒண்ணு, ஏமாத்திட்டாருன்னு நாலாம் நம்பர நீக்கணும். இல்ல, மாடல் தேறலன்னு சொல்லணும்."

நீக்கினால் அந்தக் கொல்லைக்கு இனி விதை கிடையாது. ஏமாற்றிய பெயர் மட்டும் மிஞ்சும்.

கார்குழலி கைப்பேசியோடு மாடிப்படிக்குப் போனாள். கீழே வாடகை ஸ்கூட்டரில் வந்த இருவர் கடற்கரைக்கு வழி தெரியாமல் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

வெகுநேரம் மணி அடித்த பிறகு அஞ்சலாட்சி எடுத்தாள். நாலாம் எண் கொல்லைக்காரி.

கார்குழலி உழவையும் தட்டையையும் பற்றிக் கேட்டாள்.

"ஒழவா? ஏரு நெழலு கூட படல. தட்டையும் நீ சொன்னாப்புல வுட்டுத்தான் வச்சிருந்தேன். ஆபீசருங்கள கூட்டிக்கினு வர்றேன்னு போன் பண்ணியே, அன்னிக்குமா குப்பையா போட்டு வைப்பாங்க? உளுந்து மிதிபடாம குனிஞ்சி குனிஞ்சி எல்லாத் தட்டையையும் பொறுக்கிப் போட்டேன். மாடு தின்னுச்சி. கொல்ல பளிச்சினு வாசல் கணக்கா இருந்துச்சி, போ."

சிரித்தாள்.

"கடைசில யாரும் வரல. நீயும் வரல."

அன்று ஜீப் கிடைக்கவில்லை. பயணம் தள்ளிப்போனதைக் கார்குழலி யாருக்கும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்றே தோன்றவில்லை.

அவள் திரும்பி வந்து உட்கார்ந்தாள். வருவதாகச் சொன்ன அந்தத் தேதியிலிருந்து தட்டை இல்லை என்று மாடலுக்குச் சொல்லி, மறுபடி ஓடவிட்டாள்.

நீலக்கோடு மெல்ல இறங்கியது. சிவப்பின் மேல் போய்ப் படிந்தது.

பொலின் மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"அட. மாடலும் தேறிடுச்சி, டிராக்டரும் இல்ல." அவர் குரல் இறங்கியிருந்தது. "பாவம், வீணா திட்டிட்டேன். யாரும்மா இந்த நாலாம் நம்பர்?"

விதியை அவரே மறந்துவிட்டார்.

"எங்கம்மா, மேடம்," என்றாள் கார்குழலி. "நான் வர்றேன்னு சொல்லியிருந்தேன்."