நாத்தனார் முடிச்சு

கெட்டிமேளம் முழங்க ஆரம்பித்துவிட்டது. துரைக்கண்ணு அண்ணன் தாலிக் கயிற்றைப் பிடித்தபடி அப்படியே நின்றார்.

அண்ணனுக்கு அறுபதாம் கல்யாணம். நான் மாப்பிள்ளையின் தங்கை. உண்ணாமலை அண்ணியின் முதுகுக்குப் பின்னால் நிற்பதுதான் என் உத்தியோகம்.

எங்கள் வழக்கத்தில் மாப்பிள்ளை ஒரு முடிச்சுதான் போடுவார். மற்ற இரண்டும் நாத்தனார் பங்கு. முதல் கல்யாணத்தில் நான் பாவாடை சட்டையோடு எக்கி நின்று போட்டேன்.

அன்றிலிருந்து அண்ணி விடவில்லை. குழம்பில் உப்பு குறைச்சல் என்று அண்ணன் வாயைத் திறந்தால் போதும். "ஒரு முடிச்சு போட்ட ஆளுக்கு இம்மாம் பேச்சா? மிச்சத்த என் நாத்தனாரு வந்து கேக்கட்டும்" என்பாள். தெருவே சிரிக்கும்.

அதனால்தான் பிள்ளைகள் அறுபதாம் கல்யாணப் பேச்சை எடுத்ததுமே அண்ணன் எல்லார் முன்னாலும் சபதம் போட்டார். "இந்த வாட்டி மூணும் நான்தான். கலா சும்மா நின்னு வேடிக்க பாக்கட்டும்."

வாய் சொல்லிவிட்டது. கை கேட்க வேண்டாமா?

விரல் கணுவெல்லாம் இஞ்சி மாதிரி வீங்கிக் கிடக்கிறது. முடக்குவாதம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். காலையில் விரல் மடங்காது. வெந்நீரில் கையை ஊறவைத்த பிறகுதான் தறியில் உட்கார முடியும். இழுக்கிற பிடியில் பழைய துண்டைச் சுற்றித் தடிமனாக்கி வைத்திருக்கிறார். அப்படி இப்படி என்று நெய்வது ஓடிக்கொண்டிருக்கிறது.

இழை அறுந்தால்தான் வம்பு. மெல்லிசான பட்டு இழை அந்த விரலுக்கு அகப்படாது. அண்ணி அடுப்பை விட்டு எழுந்து வந்து, பேசாமல் முடிந்துவிட்டுப் போவாள். அதுவரைக்கும் அண்ணன் கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

இந்த மனிதர்தான் மூன்று முடிச்சும் நானே என்று கிளம்பியவர். இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்வது?

ஒரு மாதமாக ரகசியப் பயிற்சி வேறு. அண்ணி வாசல் தெளிக்கப் போகிற நேரம் பார்த்து, தறிக்காலில் மஞ்சள் கயிற்றைச் சுற்றி முடிச்சு போடுவார். பல்லைக் கடித்துக்கொண்டு போடுவார். எதிர்வீடு என்னுடையது. ஜன்னலில் நின்றால் எல்லாம் தெரியும். பார்க்கப் பார்க்க எனக்கே விரல் வலிக்கும்.

நேற்று சாயங்காலம் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"நான் போடறது நிக்கல கலா. காலையில போடறேன், மறுநாள் போய்ப் பாத்தா அவுந்து தொங்கிகினு கீது. தறி ஆடற ஆட்டத்துக்கே தாங்கல. உங்க அண்ணி கழுத்துல எப்பிடி நிக்கும்?"

கண் கலங்கிவிட்டது அவருக்கு. எனக்கு மனசே ஆறவில்லை.

"நான் கண்ண காட்டுனா நீ வாங்கிக்கோ. அவகிட்ட சொல்லிடாத" என்றார். நான் தலையை ஆட்டினேன்.

அந்தக் கண்தான் இப்போது என்னைத் தேடி வந்தது.

கயிற்றின் இரண்டு நுனியும் அண்ணியின் பிடரியில் அவர் விரல்களுக்குள் நிற்கவில்லை. ஒன்றின் மேல் ஒன்றைப் போட்டார், நழுவியது. மறுபடியும் போட்டார், மறுபடியும் நழுவியது. நாயனக்காரருக்கு மூச்சு வாங்கியது. தேவிகாபுரத்திலிருந்து விடியற்காலை பஸ் பிடித்து வந்திருந்த சொந்தங்கள், முடிச்சு விழுந்ததா இல்லையா என்று பார்க்காமலே அட்சதையைத் தூவிவிட்டார்கள். அண்ணன் தலையெல்லாம் அரிசி, நெற்றியெல்லாம் வியர்வை.

பாவம், தோற்றுப்போன முகம்.

நான் கையை நீட்டினேன்.

அண்ணி தலையை நிமிர்த்தவே இல்லை. அத்தனை மேளச் சத்தத்திலும் எங்கள் இருவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி பேசினாள்.

"கலா, கைய எடு. ஏங்க, தறிக்கால்ல தினம் போடறீங்களே, அத விடவா இது கஷ்டம்? மறுநாளைக்குக் கயிறு வேணுமேன்னு அத அவுத்து அவுத்து எனக்கு நகமே பிஞ்சி போச்சு. அம்மாம் கெட்டி."

அண்ணன் குனிந்து அண்ணியின் கும்பிட்ட கையைப் பார்த்தார். நானும் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். வலது கட்டைவிரல் நகம் பாதிவரை பிய்ந்திருந்தது. பிய்ந்த இடத்தில் கயிற்று மஞ்சள் ஏறியிருந்தது.

"போடுங்க" என்றாள் அண்ணி. "இத நான் அவுக்க மாட்டேன்."

அண்ணன் பல்லைக் கடித்தார். ஒன்று விழுந்தது. இரண்டு விழுந்தது. மூன்றாவதை இறுக்கும்போது வலியில் முகம் கோணியது, ஆனாலும் சிரித்தார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. வந்தால் என்ன, என் அண்ணன், என் அண்ணி.

இனிமேல் குழம்பில் உப்பு குறைந்தால் அண்ணன் முழுசாகவே கேட்கலாம். ஆனால் நான் அண்ணி கட்சி.