மேசைக்கடியில் ஒரு போர்வை

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு வாயாடி மறுபடியும் பின்னறைப் பக்கம் எட்டிப் பார்த்தாள். ஓவர்லாக் அக்கா மதியத் தூக்கம் கலைந்து எழுந்து வருவதற்குள் போர்வையைச் சுருட்டி மேசைக்கடியில் தள்ளியாக வேண்டும்.

அந்தத் தையல் கடையில் ஒரு வழக்கம் உண்டு. கூட வேலை பார்ப்பவளுக்குத் தீராத வியாதி என்று தெரிந்துவிட்டால், ஆளுக்கொரு பழைய துணி கொண்டுவந்து, ஒட்டுப்போட்டு, மெஷினைத் தொடாமல் கையாலேயே ஒரு போர்வை தைப்பார்கள். எல்லாரும் கொஞ்சமாவது தைக்க வேண்டும். யாருக்காகத் தைக்கிறார்களோ அவள் மட்டும் அதில் ஒரு தையல்கூடப் போடக் கூடாது.

முடிந்ததும் அவள் தோளில் போர்த்திவிடுவார்கள். வியாதியின் பெயரை யாரும் வாயால் சொல்வதில்லை. சொல்லும் தைரியம் யாருக்கு இருக்கிறது, போர்வையே சொல்லிக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுவார்கள்.

துணி ஓரம் பிரியாமல் அடிக்கும் ஓவர்லாக் மெஷினில் உட்காருவதால் அவள் ஓவர்லாக் அக்கா; ஓயாமல் பேசுவதால் இவள் வாயாடி. பேருக்குத்தான் அக்கா, வாயாடியின் அம்மாவைவிட வயதில் மூத்தவள். ஆனால் இரண்டு பேரும் பஸ்ஸில் ஜன்னல் சீட்டுக்கு அடித்துக்கொள்வார்கள். ஒரே இயர்போனை ஆளுக்கொரு காதில் மாட்டிக்கொண்டு, பாட்டு நன்றாக இல்லை என்று ஒருத்தியை ஒருத்தி திட்டுவார்கள். இதுகளைப் பிரித்து உட்கார வைத்தால்தான் கடை உருப்படும் என்று முதலாளியம்மா தலையில் அடித்துக்கொள்ளாத நாள் கிடையாது.

போன மாதம் கடையில் எல்லாருக்கும் உடம்புப் பரிசோதனை நடந்தது. இவர்கள் இருவரை மட்டும் ஆஸ்பத்திரிக்கு மறுபடி வரச் சொன்னார்கள். வாயாடிக்கு ரத்தம் கம்மி, மாத்திரையில் சரியாகிவிடும் என்று அவள் புருஷன் போய்க் கேட்டு வந்து சொன்னான். அக்காவோ, என்ன ஆச்சு என்று கேட்டால் பேச்சை மாற்றினாள்.

அதற்கப்புறம் அக்கா பழைய அக்காவாக இல்லை. இருமல் வேறு. ஜன்னல் சீட்டைச் சண்டையில்லாமல் விட்டுக்கொடுத்தாள். பாட்டு எப்படி இருந்தாலும் நல்லா இருக்கு என்றாள். வாயாடிக்கு அப்போதே சந்தேகம் தட்டியது.

போன வாரம் ஒருநாள் சீக்கிரம் வந்தபோதுதான், மேசையில் விரித்த போர்வையையும் சுற்றி உட்கார்ந்திருந்தவர்களையும் பார்த்தாள். அக்காவுக்கா என்று கேட்டாள். முதலாளியம்மா தலையைக் குனிந்துகொண்டாள். வேறென்ன கேட்பது?

அன்றைக்கு அவள் அழுதிருக்க வேண்டும். அழுகை வரவில்லை. சாப்பாடு மண்ணு மாதிரி இறங்கியது. பேச்சும் ஏறக்குறைய நின்றுபோனது. அவள் பேசாமல் இருப்பதைப் பார்த்துத்தான் கடையில் எல்லாருக்கும் பயமாகிவிட்டது.

தானும் தைக்கிறேன் என்று ஊசியை எடுத்தபோது முதலாளியம்மா வாங்கிவைத்துக்கொண்டாள். அழுதுகொண்டே தைத்தால் துணியில் கறை படியுமாம், துண்டுகளுக்கு இஸ்திரி மட்டும் போட்டால் போதுமாம். நான் எங்கே அழுகிறேன் என்று கேட்கக்கூட வாயாடிக்குத் தெம்பு இல்லை. கை அதுபாட்டுக்கு இஸ்திரி போட்டது. சூடு பட்டு விரல் சிவந்ததே வெகுநேரம் கழித்துத்தான் உறைத்தது.

இன்று போர்வை முடிந்துவிடும். ஒரு மூலை மட்டும் தைக்காமல் கிடந்தது.

"அந்த மூலையாவது எனக்குக் குடுங்கம்மா. அக்காவுக்கு நான் ஒரு தையல்கூடப் போடலைன்னா எப்படி?" என்றாள் வாயாடி.

"அதுக்கு வேற ஆள் இருக்கு" என்றாள் முதலாளியம்மா, நிமிர்ந்து பார்க்காமல்.

அவ்வளவு நாள் ஒட்டிக்கொண்டு திரிந்தவளைவிட வேறு ஆள் யார்? சண்டை போட வேண்டிய இடம்தான். ஆனால் உள்ளே ஒன்றும் கிளம்பவில்லை. நாளை முதல் பக்கத்து மெஷினில் அக்கா எப்படி உட்காருவாள், தெரிந்துகொண்டே எப்படிச் சிரிப்பாள் என்பதை மட்டும் நினைத்துக்கொண்டு நின்றாள்.

காலடிச் சத்தம் கேட்டது. சுருட்ட நேரமில்லை. வாயாடி போர்வையின்மேல் இரண்டு கையையும் விரித்து வைத்து மறைக்கப் பார்த்தாள். கட்டில் அளவு போர்வையை இரண்டு கையால் மறைக்க முடியுமா?

அக்கா வந்து நின்றாள். போர்வையைப் பார்த்தாள். திடுக்கிடவில்லை. யாருக்கு என்றும் கேட்கவில்லை. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, தைக்காமல் கிடந்த மூலையில் உட்கார்ந்தாள். கண்ணாடியை மூக்கில் ஏற்றி ஊசியில் நூல் கோத்தாள். நூல் இரண்டு தடவை தவறிப்போனது.

ஊசி துணியில் இறங்கப் போன நேரத்தில் வாயாடி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். ஒரு வாரமாக அடங்கிக் கிடந்த அவளுடைய பழைய உரத்த குரல் அப்போதுதான் வந்தது.

"அக்கா, வேண்டாம். இதுல நீ தைக்கக் கூடாது."

மேசையைச் சுற்றியிருந்தவர்களின் ஊசிகள் நின்றன. யாரும் அக்காவைப் பார்க்கவில்லை. எல்லாரும் வாயாடியைப் பார்த்தார்கள்.

அக்கா கையை விடுவித்துக்கொள்ளவில்லை. இன்னொரு கையை அவள் கைமேல் வைத்து அழுத்தினாள்.

"நான் தைக்கலாம்டி. எனக்கு ஒண்ணும் இல்ல."