ஆபீஸ் பிரிண்டரில் வந்த பூனை

"பழைய பொருளை வீட்டுக்குள்ள விட்டவன் உருப்பட்டதா உலக சரித்திரத்துலயே கிடையாது!" என்றார் மேனேஜர்.

உலக சரித்திரத்தை முழுசாகப் படித்து முடித்துவிட்டு நேரே ஆபீசுக்கு வந்தவர் போல அவ்வளவு தீர்மானமாகச் சொன்னார்.

அக்கவுண்டன்ட் அக்காவின் முகம் சுருங்கிப்போனது. ஆபீசில் கழித்துக்கட்டிய கம்ப்யூட்டர்களில் ஒன்றை மகளுக்கு எடுத்துக்கொள்ளலாமா என்று போன வாரம் கேட்டாள், பாவம். அன்றிலிருந்து தினம் ஒரு முறை இந்த அர்ச்சனை.

"குப்பைக்குப் போறதைக் கேக்கறது பிச்சைக்காரப் புத்தி. மறுசுழற்சி வண்டி வந்தப்ப என் மேஜையில இருந்ததை நானே என் கையால தூக்கிட்டுப் போனேன். அதுக்கெல்லாம் ஒரு மனசு வேணும்!"

"போனது போகட்டும் சார். இப்ப வர்றதைப் பாருங்க" என்றாள் அக்கா.

பிரிண்டரிலிருந்து ஒரு பூனை வந்துகொண்டிருந்தது. குழந்தைகள் கலர் அடிக்கிற, கோடு மட்டும் போட்ட பூனை. முதலில் மீசை, பிறகு வயிறு. அக்கா கை நீட்டுவதற்குள் மேனேஜர் பாய்ந்து வெடுக்கென்று இழுத்தார். பூனை கைக்கு வந்தது. வால் மட்டும் கிழிந்து பிரிண்டருக்குள்ளேயே தங்கிவிட்டது.

"ஆதாரம்! யாரும் தொடாதீங்க!" என்று அதை மடிக்காமல் கசக்காமல் ஒரு பிளாஸ்டிக் ஃபைலில் வைத்துக்கொண்டார். நேற்று வந்த ஏழாம் வாய்ப்பாடும் முந்தாநாள் வந்த 'மழை எப்படிப் பெய்கிறது?' படமும் அந்த ஃபைலுக்குள்தான் போயிருந்தன. ஆபீசில் யாரும் இவற்றை பிரிண்ட் போடவில்லை.

"ஒயரு! வாடா இங்க!"

ஆபீஸ் கம்ப்யூட்டர்களைக் கட்டி மேய்ப்பவன் அவன். கழுத்தில் எந்நேரமும் ஏதாவது ஒரு கேபிளை மாலையாகப் போட்டுத் திரிவதால் அந்தப் பெயர்.

"யார் அனுப்பினதுன்னு இந்த பிரிண்டர் சொல்லாதா?"

"சொல்லுது சார். 'அட்மின்'னு சொல்லுது. ஆனா பழைய கம்ப்யூட்டர் அத்தனைக்கும் பேர் அட்மின்தான். எனக்கு முன்னாடி இருந்த புண்ணியவான் யோசிக்கச் சோம்பல்பட்டு ஒரே பேரா வச்சுட்டுப் போயிட்டார்."

"அப்போ ஏதோ ஒண்ணு வண்டில ஏறல. எவனோ சுட்டுட்டான்! அதுல இருந்ததை அழிக்க வேண்டியது யார் பொறுப்பு?"

"என் பொறுப்புதான். என் கைக்கு வந்த எல்லாத்துலயும் வைஃபை பாஸ்வேர்டு, பிரிண்டர் விவரம் வரைக்கும் அழிச்சுட்டுத்தான் சார் ஏத்தினேன்."

"அப்போ செத்துப்போன கம்ப்யூட்டர் ஆவியா வந்து பூனை அனுப்புதா? நாளைக்குள்ள கண்டுபிடிக்கற. இல்லேன்னா அடுத்த வண்டில உன்னை ஏத்திடுவேன். இந்தச் சம்பளத்துக்கு ஆயிரம் பேர் நிக்கறான்!"

ஒயருக்கே சந்தேகம் வந்துவிட்டது. பாதி வழியில், 'வீட்டைப் பூட்டினோமா?' என்று வருமே, அதே சந்தேகம். எல்லாவற்றையும் அழித்தோமா? ஒன்றை விட்டுவிட்டோமா?

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. நீங்கதானே பொண்ணுக்காகக் கேட்டீங்க..."

"எம்பொண்ணு காலேஜ் போறாடா. பூனைக்குக் கலர் அடிக்கற வயசா அவளுக்கு? உங்க வீட்டுல வாண்டு எதுவும் இருக்கா?"

"எங்க வீட்டுல வாண்டே நான்தான் அக்கா."

இருவரும் ஒருவரையொருவர் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டார்கள்.

கடைசியில் ஒயருக்கு மூளையில் ஒரு பொறி தட்டியது. மேனேஜர் அறைக்கு ஓடினான். அவர் வழக்கம்போல வீட்டுக்கு நடந்து போய்ச் சாப்பிட்டுவிட்டு அப்போதுதான் வந்து உட்கார்ந்திருந்தார்.

"சார், ஒரே நிமிஷ வேலை. வைஃபை பாஸ்வேர்டை மாத்திட்டா ஆட்டம் குளோஸ்!"

"மாத்தாதே!" துள்ளி எழுந்தார். "திருடன் உஷாராயிடுவான். கையும் களவுமா பிடிக்கணும்."

"அப்ப இன்னொண்ணு. நம்ம வைஃபை அதிகம் போனா பின்னாடி இருக்கற அடுக்குமாடி வரைக்கும்தான் எட்டும். வீடு வீடா தட்டிக் கேட்டுட்டு வந்துடறேன்."

"கம்பெனி மானத்தைக் கப்பலேத்தவா? எவன் வீட்டுக் கதவையும் தட்டக் கூடாது!"

திருடனைப் பிடிக்க வேண்டும். ஆனால் தடுக்கக் கூடாது, தேடக் கூடாது. ஒயரு வெளியே வந்து கழுத்துக் கேபிளின் இரண்டு முனைகளையும் மாற்றி மாற்றிப் பார்த்தான். அதற்காவது தலை எது, வால் எது என்று தெரிந்தால் தேவலை போலிருந்தது.

சாயங்காலம் எல்லோரும் கிளம்பினார்கள். வேலை போவதற்குள் பிரிண்டரையாவது சரிசெய்து வைப்போம் என்று ஒயரு அதன் பின்பக்கத்தைத் திறந்து, சிக்கியிருந்த பூனை வாலை உருவி எடுத்தான். பிரிண்டர் முனகியது. பேப்பர் இல்லை என்று சிவப்பு விளக்கு எரிந்தது. பிளக்கைப் பார்க்க மேஜைக்கு அடியில் புகுந்த நேரம், ஷூ சத்தம் கேட்டது.

மேனேஜர்.

இடம் பார்த்தார், வலம் பார்த்தார். புது பேப்பர் கட்டைப் பிரித்து, பக்குவமாக விசிறி, பிரிண்டருக்குள் அடுக்கினார். அப்புறம் போனைக் காதில் வைத்து, ஆபீசில் யாருமே கேட்டிராத ஒரு குரலில் பேசினார்:

"பேப்பர் போட்டாச்சுடா தங்கம்... ஒரு தடவை அமுக்கினா போதும், பழைய கம்ப்யூட்டர் இல்லையா, கொஞ்சம் யோசிச்சுத்தான் அனுப்பும். ஆங், அந்தப் பூனையையும் இன்னொரு தடவை அனுப்பிடு... அப்பா அவசரத்துல வாலைக் கிழிச்சுட்டேன்."

மேஜைக்கு அடியில், கையில் வாலோடு உட்கார்ந்திருந்த ஒயருக்குத் தன் வேலை இனிமேல் எங்கேயும் போகாது என்பது மட்டும் தெளிவாகப் புரிந்தது.