ரவாங் வரைக்கும் தூக்கம்

“ஞாயித்துக்கிழமைக்குள்ள இந்தக் கார் தொட்டில் மாதிரி ஆயிடணும், அண்ணே. முடியுமா?”

கிள்ளானில் பட்டறை வைத்திருக்கும் திருச்செல்வம் குனிந்து செய்துகொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு நிமிர்ந்தார். வாசலில் இருபது வயதைத் தாண்டிய ஒரு வெள்ளைக் கார். பக்கத்தில் நாற்பதை நெருங்கும் ஒரு பெண். அவள் இடுப்பில் இருந்த மூன்று வயதுப் பெண் குழந்தை, வாயில் வைத்த விரலை எடுக்காமல் அவரையே பார்த்தது.

“என்னம்மா தொந்தரவு?”

“ரோட்டுல ஒரு போங்கோல் மேடு ஏறி இறங்கினா முதுகெலும்பு கழண்டு போற மாதிரி இடிக்குது. ரோட்டுல ஒட்டுப் போட்ட இடமெல்லாம் உடம்புக்குத் தெரியுது. இவ, கவிஷா, கார்ல ஏறினா பத்து நிமிஷத்துல தூங்கிடுவா. ஆனா ஒவ்வொரு இடிக்கும் முழிச்சு அழறா. ஞாயித்துக்கிழமை ரவாங் போறோம். போய்ச் சேர்ற வரைக்கும் அவ முழிக்கக் கூடாது.”

“முழிச்சா என்ன இப்ப? போன்ல பாட்டுப் போட்டுக் கொடுத்தா பார்த்துக்கிட்டு வரப்போகுது.”

“இல்லண்ணே. தூங்கணும்.”

அவள் சொன்ன விதத்தில் திருச்செல்வம் பேச்சை மாற்றினார். அவள் பெயர் மாதவி, ஷா ஆலமில் ஒரு தொழிற்சாலையில் வேலை என்று மட்டும் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

முதலில் டயரில் காற்றைப் பார்த்தார்.

“நாப்பத்திரண்டு! முப்பது இருந்தாலே போதும். இதுவே பாதி இடிக்குக் காரணம்.”

“காத்து நிறைய இருந்தா பெட்ரோல் மிச்சம்னு சொன்னாங்க.”

“சொல்றவனுக்கு என்ன லா, அவனா உக்காந்து போறான்?”

பிறகு காரின் முன்மூலையில் இரண்டு கைகளையும் வைத்து அழுத்திவிட்டார். ஒரு தடவை எழும்பி அடங்க வேண்டிய கார், நாலு தடவை ஆடிவிட்டுத்தான் நின்றது. தூக்கி நிறுத்திக் கீழே விளக்கைப் பிடித்தவர், தலையில் அடித்துக்கொண்டார்.

“இதுக்கு முன்னாடி வெச்சிருந்தவன் காரைத் தாழ்த்தி ஓட்ட ஆசைப்பட்டு ஸ்ப்ரிங்க வெட்டியிருக்கான்மா. கொஞ்சம் இறங்கினாலே அடியில இருக்கிற ரப்பர் கட்டையில போய் முட்டுது. இடியைத் தாங்குற அப்சோர்பர் நாலும் செத்துப்போச்சு. புஷ் ரப்பரெல்லாம் கல்லாயிருச்சு. இவ்வளவையும் மாத்துறதுக்கு வேற காரே பார்க்கலாமே?”

“ஒரே ஒரு பயணத்துக்குச் சரியா இருந்தா போதும்ண்ணே.”

இதென்ன பேச்சு என்று அவருக்குப் புரியவில்லை. அதற்குள் குழந்தை இடுப்பிலிருந்து நழுவி இறங்கி அவரிடம் வந்தது. கிரீஸ் படிந்த அவர் கையைக் காட்டி, “அம்மா, இந்த அங்கிள் குளிக்கவே இல்லம்மா” என்றது.

திருச்செல்வம் வெடித்துச் சிரித்துவிட்டார். அந்தப் பட்டறையில் அப்படிச் சிரித்து எத்தனை காலமோ ஆகிவிட்டது.

அவருக்கும் புஷ்பவல்லிக்கும் கல்யாணமாகி இருபத்து மூன்று வருஷம். ஆஸ்பத்திரி, கோயில் என்று அலைந்ததெல்லாம் ஓய்ந்துபோய், இப்போது வீட்டில் குழந்தைப் பேச்சையே இருவரும் எடுப்பதில்லை. சாப்பாட்டு மேசையின் மூன்றாவது நாற்காலியில் மடித்த துணிதான் இருக்கும்.

அடுத்த மூன்று நாளும் அவர் வேறு காரைத் தொடவில்லை. வெட்டாத நல்ல ஸ்ப்ரிங் தேடி அவரே பூச்சோங் வரை போய் வந்தார். புஷ்ஷை அழுத்தி ஏற்றும்போதும் ஒவ்வொரு போல்ட்டை முறுக்கும்போதும் அந்தக் குழந்தையின் முகம்தான் கண்ணுக்குள் நின்றது.

சனிக்கிழமை மாதவி குழந்தையோடு வந்தாள். “வாங்கம்மா, ஒரு சுத்து போய்ப் பார்க்கலாம்” என்று அவரே ஓட்டினார். பின் சீட்டில் கவிஷா சொன்னபடியே பத்து நிமிடத்தில் தூங்கிப்போனாள்.

பள்ளிக்கூடத்துப் பக்கம் வரிசையாக இருந்த நாலு மேடுகளையும் கார் சத்தமில்லாமல் ஏறி இறங்கியது. திருச்செல்வம் கண்ணாடியில் பார்த்தார். குழந்தையின் இமைகூட அசையவில்லை. பட்டறை வாசல் வந்ததும் திருப்ப மனம் வராமல் இன்னொரு சுற்று போனார். மாதவி வழி முழுக்கத் திரும்பிப் பின் சீட்டையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

அரை மணி நேரம் ஒரு குழந்தையைச் சுமந்து ஓட்டுவதே இப்படி இருக்கிறதே, தினமும் கூடவே இருப்பவளுக்கு எப்படி இருக்கும்? அவரால் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

“கொடுத்து வெச்சவங்கம்மா நீங்க.”

மாதவி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலை பட்டறையைத் திறந்ததும் திருச்செல்வம் முதல் வேலையாக அவளுக்குப் போன் செய்தார். நெடுநேரம் அடித்த பிறகுதான் எடுத்தாள்.

“கார் எப்படிம்மா இருந்துச்சு? பாப்பா முழிச்சுதா?”

“முழிக்கவே இல்லண்ணே.”

அவருக்கு வாயெல்லாம் பல். “நான்தான் சொன்னேன்ல!”

“ரவாங் வரைக்கும் மெதுவாத்தான் ஓட்டினேன். ரவாங்குக்குள்ள நுழைஞ்சதும், போங்கோல் வந்தா வேகத்தைக் குறைக்காமலே ஏத்தினேன். குழியாப் பார்த்துப் பார்த்து விட்டேன். அப்பவும் முழிக்கல.”

“என்னம்மா இது? முழிக்கக் கூடாதுன்னு நீங்கதானே...”



“முழிச்சா என் கழுத்தைக் கட்டிக்குவா, அப்புறம் என்னால விட முடியாதுன்னுதான் அப்படிச் சொன்னேன். ஆனா கிட்டப் போகப் போக, ஒரே ஒரு தடவை முழிச்சு ‘அம்மா’ன்னு கூப்பிட மாட்டாளா, அப்படியே காரைத் திருப்பிட மாட்டோமான்னு இருந்துச்சு. நீங்க ரொம்ப நல்லா செஞ்சிட்டீங்கண்ணே... மூணு வருஷம் நான் வளர்த்த பிள்ளை, பெத்தவ கையில கொடுக்கிற வரைக்கும் கண்ணையே திறக்கல.”